போர்டு எது? ஆன்லைனில் கம்ப்யூட்டர் பாகம் வாங்குகிறவர்களுக்கு

டெல்லி நேரு பிளேஸில் எந்தக் கடைக்குப் போய் ரேம் கேட்டாலும், விலை சொல்வதற்கு முன்னால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “போர்டு கௌன் ஸா ஹை?” எந்த மதர்போர்டு என்று தெரியாமல் அவர் டப்பாவைக் கீழே இறக்க மாட்டார். நாம் முழித்தால், பழைய ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். போர்டின் பெயரைச் சொன்னால் போதும். எந்தத் தலைமுறை ப்ராசஸர் ஏறும், எந்த ரேம் உட்காரும், இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) தாங்குமா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாள் முழுக்க இதையே பார்க்கிறவர் இல்லையா.

ஜனக்புரி வெஸ்டில் மெஜந்தா லைன் ஏறினால் கால்காஜி மந்திர், அங்கே வயலட் லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே நேரு பிளேஸ். 2018 மே மாதம் அந்தப் பாதை திறந்த பிறகு எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒன்றும் தூரமான இடமில்லை. ஆனாலும் எங்கள் பிளாக்கில் நான் பார்க்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் பாகம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்குகிறார்கள். அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. நாலு கடை விலையை உட்கார்ந்த இடத்தில் ஒப்பிடலாம், பில் ஒழுங்காக வரும், மே மாத வெயிலில் அலைய வேண்டாம். கொல்கத்தாவிலோ மும்பையிலோ இருக்கும் கடையிலிருந்துகூட வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் வருவதில்லை, அந்தக் கேள்வி. ஆன்லைன் கடை நம்மிடம் எதையும் கேட்காது. ஏஎம்டி போர்டையும் இன்டெல் ப்ராசஸரையும் ஒரே கார்ட்டில் போட்டாலும் பல தளங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டையும் அனுப்பிவிடும். கடைக்காரர் பார்த்துவந்த வேலை நம் பொறுப்புக்கு மாறியிருக்கிறது, மாறிய செய்தியை யாரும் நமக்குச் சொல்லவில்லை. பணத்தைக் கட்டும் முன் அந்த வேலையை நாமே எப்படிச் செய்வது என்பதுதான் இந்த நீண்ட பதிவு.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அவற்றுக்கு மேலோ உள்ள ப்ராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டன. அதே சமயத்தில், 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிப் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியது முக்கியக் காரணம். மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் பிராண்டில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. மாற்றியே ஆக வேண்டிய கட்டாயத்தில் நிறைய குடும்பங்கள் இருக்கும் நேரத்தில், தப்பான ரேம் வாங்குவது முன்னைவிடப் பெரிய நஷ்டம்.

ஒரு கார்ட்டைப் பிரித்துப் பார்ப்போம்

எதிர் ஃபிளாட் மாமியின் பையன் கல்லூரி முதல் வருஷம். “அங்கிள், எல்லாம் கார்ட்ல போட்டாச்சு. ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்று போனை நீட்டினான். கோர் ஐ5 12400எஃப் ப்ராசஸர், பி760 சிப்செட் போர்டு ஒன்று, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, ‘450 வாட் எஸ்.எம்.பி.எஸ். உடன்’ என்று போட்ட ஒரு கேபினெட். கிராபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறானாம். பார்த்தால் ஒழுங்கான பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் நாலு நட்சத்திரத்துக்கு மேல் மதிப்பெண்.

முதலில் அந்த ‘எஃப்’. இன்டெல் ப்ராசஸர் பெயரில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், மானிட்டரைச் செருகலாம், திரை மட்டும் வராது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம். அடுத்த வருஷம்தான் கார்டு என்றால் அதுவரை அந்த மெஷின் சும்மா கிடக்கும். எஃப் இல்லாத 12400-இல் யுஎச்டி 730 கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, படிப்புக்கும் புரோகிராமிங்குக்கும் அது தாராளம். ஏஎம்டியில் கணக்கு வேறு. ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு. 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்று இருக்கிறது, ஆனால் 7500எஃப்-இல் கிடையாது.

அடுத்தது ரேம். 12, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்கள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் உட்காருகின்றன. அவை டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டோடும் வேலை செய்யக்கூடியவை. அதனால் ‘இந்த ப்ராசஸருக்கு டிடிஆர்4 போடலாம்’ என்று படித்தால் அது உண்மைதான். ஆனால் முடிவு செய்வது போர்டு. பி760 போர்டுகளில் சில டிடிஆர்4-க்கு, சில டிடிஆர்5-க்கு. பெயரின் கடைசியில் டி4 என்று ஒட்டியிருப்பதும் இல்லாததும்தான் பல மாடல்களில் வித்தியாசம். பையன் எடுத்திருந்தது டிடிஆர்5 போர்டு. இரண்டு வகை ரேமுக்கும் 288 பின்கள்தான், நீளமும் ஒன்றுதான், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்திப் பார்க்கலாம் என்று முயன்றால் ஸ்லாட்தான் உடையும்.

மூன்றாவது அந்த 450 வாட். எந்த எஸ்.எம்.பி.எஸ். படமானாலும் பெரிதாக்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். பையன் தேர்ந்தெடுத்ததில் 18 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். டப்பாவின் மேலே 450 என்று பெரிய எழுத்தில் இருந்தாலும் நமக்கு உதவப்போவது இந்த 216 தான். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி சிக்கனமான கார்டுக்கே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. கூடவே, கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் கேபிளே அதில் இல்லை.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை விட்டால், மற்ற எதுவும் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. அந்த ப்ராசஸரும் அந்த போர்டும் அந்த ரேமும் தனித்தனியாக நல்லவை, அந்த நட்சத்திரங்களும் பொய்யில்லை. ஒன்றோடு ஒன்று சேருமா என்பதை மட்டும் எந்த நட்சத்திரமும் சொல்லாது.

மூன்று கேள்விகள்

பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் நான் கேட்பது மூன்று கேள்விகள்: உட்காருமா, மின்சாரம் கிடைக்குமா, அடையாளம் தெரியுமா. முதல் இரண்டை எல்லாரும் ஓரளவுக்காவது யோசிக்கிறார்கள், மூன்றாவதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

உட்காருமா என்பது சாக்கெட்டில் தொடங்குகிறது. ஏஎம்டியில் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, 2022-இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லில் 10, 11-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1200, அடுத்த மூன்றுக்கு 1700, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு 1851. பழைய கூலரை எடுத்துப் போடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 1200-இல் கூலர் ஓட்டைகளுக்கு நடுவே 75 மி.மீ., 1700-இல் 78 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் அதற்குத் தனி பிராக்கெட் வேண்டும்.

அடுத்தது அளவு. ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. சின்ன போர்டு பெரிய கேபினெட்டில் போகும், பெரியது சின்னதில் போகாது. கேபினெட் விவரத்தில் இரண்டு எண்களைக் கட்டாயம் தேடுங்கள்: கிராபிக்ஸ் கார்டு அதிகபட்ச நீளம், கூலர் அதிகபட்ச உயரம். மூன்று ஃபேன் வைத்த கார்டுகள் 300 மி.மீ. தாண்டுவது சாதாரணம். டபுள் டவர் கூலர்களில் நாக்டுவா என்எச்-டி15 போன்றவை 165 மி.மீ. உயரம். முன்பக்கம் ரேடியேட்டர் பொருத்தினால் கார்டுக்கு இருந்த இடத்தில் அதன் தடிமனையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

எம்.2 எஸ்எஸ்டியில் 2280 என்ற எண் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்பதைக் குறிக்கிறது. அளவு சரியாக இருந்தும் ஓடாத எஸ்எஸ்டிகள் உண்டு, ஏனென்றால் அதே வடிவத்தில் சாட்டா வகையும் இருக்கிறது, என்விஎம்இ வகையும் இருக்கிறது. சில பழைய போர்டுகளின், லேப்டாப்களின் ஸ்லாட் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். இன்னொன்று, இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துபோகும் போர்டுகள் நிறைய. பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனதாகச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போர்டின் மேனுவலில் ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இது இருக்கும்.

மின்சாரம் கிடைக்குமா என்பதில் வாட் கணக்கு பாதிதான், மீதி கேபிள். ப்ராசஸருக்கான 4+4 கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளும் பார்க்க ஒரே மாதிரி எட்டு பின். உள்ளே பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். பலவந்தமாக ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் செருகினால் புகைதான். இதைவிட ஆபத்தானவை மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள்கள். போர்டு, கார்டு போன்ற பாகங்களின் பக்கம் உள்ள முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் உள்ள முனையை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது பழைய கேபிளையே விட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், அதிலிருக்கும் படங்கள் எல்லாம் ஒரு விநாடியில் போய்விடும்.

அடையாளம் தெரியுமா

சாக்கெட் சரி, ரேம் சரி, கரன்ட் சரி. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டு பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். பல நேரங்களில் போர்டில் ஒரு பழுதும் இருக்காது. அது கோடவுனில் இருந்த காலத்தில் அந்த ப்ராசஸர் பிறக்கவே இல்லை, அவ்வளவுதான்.

ஏஎம்5-க்கான பி650 போர்டுகள் 2022-இல் வந்தன. ரைசன் 9000 வரிசை 2024 ஆகஸ்டில் வந்தது. சாக்கெட் ஒன்றேதான். ஆனால் 2023-இல் பெட்டியில் அடைத்த போர்டின் பயாஸுக்கு, அதாவது மெஷினை எழுப்பும் உள் மென்பொருளுக்கு, 9600எக்ஸ் என்றால் யார் என்று தெரியாது. இதே கதை பி450 போர்டும் ரைசன் 5000-மும் சேர்ந்தபோது நடந்தது. 14-ஆம் தலைமுறை இன்டெல்லைப் பழைய பி660 போர்டில் போட்டவர்களுக்கும் நடந்தது. சில சமயம் பயாஸ் புதுப்பித்தாலும் தீராது. ஆறு, ஏழாம் தலைமுறை இன்டெல்லும் எட்டு, ஒன்பதாம் தலைமுறையும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயர் கொண்ட சாக்கெட்தான், ஆனால் 100, 200 வரிசை சிப்செட் போர்டில் எட்டாம் தலைமுறையை முறைப்படி ஓட்ட முடியாது. ‘சாக்கெட் 1151, எனவே பொருந்தும்’ என்று ஒரு விற்பனைப் பக்கம் சொன்னால் அது பாதித் தகவல்.

இதற்கு விடை இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: போர்டு தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கம். ஏசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஏஎஸ்ராக் எல்லாரும் ஒவ்வொரு போர்டுக்கும் ப்ராசஸர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையின் இடது பக்கம் ப்ராசஸர் பெயர், வலது பக்கம் அது எந்த பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்ற எண். நீங்கள் வாங்கும் ப்ராசஸருக்கு நேரே முதல் பதிப்பின் எண் இருந்தால் கவலையில்லை. பிந்தைய எண் இருந்தால், புதுப்பிக்க ஒரு வழி வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால், ப்ராசஸர் இல்லாமலேயே பென்டிரைவ் மூலம் புதுப்பிக்கலாம். பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக்கி, ஃபைலுக்கு மேனுவலில் சொன்ன பெயரை வைத்து, சொன்ன யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் இல்லாத போர்டென்றால் விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், புதுப்பித்து அனுப்புவார்களா என்று. பி650, பி760 இரண்டிலும் மலிவு மாடல்களில் இந்தப் பொத்தானை விட்டுவிடுவதுண்டு. சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் பொத்தான் உள்ள மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பது என் கருத்து.

சப்போர்ட் பக்கத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே மாடல் பெயரில் ரிவிஷன் 1.0, 1.1, 1.2 என்று போர்டுகள் வருகின்றன. ஜிகாபைட் போன்றவற்றில் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் தனிப் பக்கம், தனி பயாஸ். பெட்டியின் ஸ்டிக்கரிலும் போர்டின் ஒரு மூலையிலும் அந்த எண் அச்சாகியிருக்கும். பயாஸ் இறக்கும் முன் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

ரேமுக்கும் இப்படிப் பட்டியல் உண்டு. அதில் இல்லாத ரேம் ஓடாது என்றில்லை, அவர்கள் சோதித்தது அவ்வளவுதான் என்று பொருள். எத்தனை ரேம் குச்சி என்பதுதான் அதைவிட முக்கியம். ரைசன் 7000-க்கு ஏஎம்டி தரும் கணக்கில் இரண்டு குச்சி போட்டால் டிடிஆர்5-5200, நாலு போட்டால் 3600. இப்போது 8 ஜிபி இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்று திட்டமிடுகிறவர்கள் இதை யோசித்துவிட்டு முதலிலேயே 16 ஜிபி இரண்டாக வாங்குவது நல்லது.

பழைய ஆபீஸ் மெஷின், புது கார்டு

நேரு பிளேஸிலும் ஆன்லைனிலும் ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் நன்றாக விற்கின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ என்று கம்பெனிகள் கழித்துக்கட்டியவை. மாணவர்களுக்கு நல்ல தேர்வு, நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவற்றில் பாகம் மாற்றுவது தனி உலகம்.

முதலில் பெயர். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்று 2012-இல் ஒரு மெஷின் வந்தது, மூன்றாம் தலைமுறை இன்டெல், டிடிஆர்3 ரேம். அதே 7010 என்ற எண்ணை டெல் 2023-இல் மறுபடி பயன்படுத்தியது, 13-ஆம் தலைமுறை வரை போகும் மெஷினுக்கு. தேடல் பெட்டியில் ‘7010 ரேம்’ என்று போட்டால் இரண்டுக்குமானதும் கலந்து வரும். முன்னதில் விண்டோஸ் 11-க்கு முறையான வழியில்லை. பின்னதில் பிரச்சினையே இல்லை. அதனால் மாடல் எண்ணை மட்டும் நம்பாமல் மெஷினின் பின்பக்கம் உள்ள சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டு, அந்த ஒரு மெஷினின் விவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிளாக்கில் ஓய்வு பெற்ற ஒரு சார், அனிமேஷன் படிக்கும் பேத்திக்காக இப்படி ஒரு ஒல்லி மெஷின் வாங்கியிருந்தார். அதற்கு ஆன்லைனில் கிராபிக்ஸ் கார்டு பார்க்கச் சொன்னார். மூடியைக் கழற்றி ஸ்கேலை வைத்தோம். சாதாரண கார்டின் தகடு 12 செ.மீ. உயரம், அந்தப் பெட்டியில் இருந்தது 8 செ.மீ. இடம். ஆக, லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான். எஸ்.எம்.பி.எஸ். 240 வாட், அதுவும் கம்பெனியின் சொந்த வடிவம். கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் எஸ்.எம்.பி.எஸ். அந்த இடத்தில் உட்காராது, கிராபிக்ஸ் கார்டுக்கான தனி கேபிளும் கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன்னளவில் தருவது அதிகபட்சம் 75 வாட். அந்த வரம்புக்குள் நிற்கும் கார்டுகள் சிலவே: ஜிடிஎக்ஸ் 1650-இன் தனி கேபிள் கேட்காத மாடல்கள், 2024-இல் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. அதே 3050 பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அதற்குத் தனி மின் கேபிள் வேண்டும். தலைப்பில் 6 என்றிருக்கிறதா 8 என்றிருக்கிறதா என்பதில்தான் சாரின் பணம் இருந்தது. லோ புரொஃபைல் 6 ஜிபி கார்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் தடிமனுக்கு இடமிருப்பதையும் அளந்து பார்த்த பிறகுதான் ஆர்டர் போட்டார்.

டெல்லிக்கென்று சில

கம்பெனிகள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் குளிர்ச்சியான அறைக்கானவை. ஏசி இல்லாத மேல்மாடி அறையில் ஜூன் மதியம் 40 டிகிரி என்பது இங்கே சாதாரணம். எஸ்.எம்.பி.எஸ். விவரத்தில் ‘40 டிகிரியில் தொடர் வாட்’ என்றும் ‘50 டிகிரியில்’ என்றும் இரண்டு விதமாகப் போடுவார்கள். நமக்கு 50 டிகிரி கணக்கில் தருவது நல்லது. கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக மூடியிருந்தால் காற்றுப் போக வழியில்லை. வலை முகப்பு வேண்டும், கழற்றிக் கழுவும் ஃபில்டரும் வேண்டும், ஏனென்றால் ஒரு ஆந்தி (புழுதிப் புயல்) அடித்தால் பால்கனிக் கதவு மூடியிருந்தும் மேஜையில் மண் படிகிற ஊர் இது.

யு.பி.எஸ்.ஸும் பொருத்தம் பார்க்க வேண்டிய பாகம்தான். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும். ஐ5 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். மானிட்டரையும் மற்றதையும் சேர்த்தாலும் சமாளித்துவிடும். அதே இடத்தில் 200 வாட் ஆர்டிஎக்ஸ் 4070-ஐப் போட்டால், கேம் ஓடும்போது கரன்ட் போன உடனே யு.பி.எஸ். ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணையலாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்கம் உள்ள சின்ன ஸ்விட்சைப் பாருங்கள். யு.பி.எஸ். மோடில் இருந்தால்தான் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் மாறும்.

எங்கே சரிபார்ப்பது, யாரை நம்புவது

பிசிபார்ட்பிக்கர் தளத்தைப் பலர் அறிவீர்கள். பாகங்களை வரிசையாகச் சேர்த்தால் சாக்கெட், ரேம் வகை, வாட் கணக்கு, கார்டு நீளம் இவற்றில் மோதல் இருந்தால் சொல்லிவிடும். பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்றால் அதையும் குறிப்பாகப் போடும். முதல் வடிகட்டலுக்கு அருமையான கருவி. ஆனால் நம் சந்தையில் மட்டும் விற்கும் பல கேபினெட்டுகளும் எஸ்.எம்.பி.எஸ்.களும் அதில் இருக்காது. அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டுப் பச்சை விளக்கு வாங்குவதில் பயனில்லை. பச்சை வந்த பிறகும் போர்டு கம்பெனியின் பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

நம்பக் கூடாதது விற்பனைத் தலைப்பு. தேடலில் வர வேண்டும் என்பதற்காகப் பத்து மாடல் பெயர்களை அடுக்கி ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி பதில் பகுதியில் ‘எனக்கு வேலை செய்தது’ என்று ஒருவர் சொன்னால், அவர் ரிவிஷன் எது, பயாஸ் எது என்று நமக்குத் தெரியாது. ஏஐயிடம் கேட்டாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது சொல்வதைக் குறித்துக்கொண்டு, கம்பெனிப் பக்கத்தில் அதே வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் எந்த அளவுக்கு உதவும் என்பதையும் தெரிந்துகொள்வது அவசியம். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் நல்ல டிடிஆர்5 போர்டும் நல்ல டிடிஆர்4 ரேமும் வாங்கியிருந்தால், இரண்டிலும் பழுது இல்லை, இரண்டும் சொன்னபடியே இருக்கின்றன. தவறு நம் பட்டியலில் இருப்பதால் இந்த விதி நமக்குத் துணைக்கு வராது. பல பாகங்களுக்கு, பழுதாக இருந்தால் மாற்றித் தருவோம், வேண்டாமென்று திருப்ப முடியாது என்பதே கடைகளின் நிபந்தனை. மாறாக, விற்பனைப் பக்கமே ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்று எழுதியிருந்து அது பொய்யென்றால் விதி நம் பக்கம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆர்டர் போடும் நிமிடத்தில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு வரியை மாற்றிவிட்டாலும் உங்களிடம் இருக்கும்.

வாரன்டியையும் அதே நேரத்தில் பாருங்கள். பெட்டியில் இந்திய இறக்குமதியாளர் பெயர் உள்ள ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பெட்டி இல்லாமல் வரும் ‘ட்ரே’ ப்ராசஸர் விலை குறைவுதான், ஆனால் மூன்று வருட பெட்டி வாரன்டி அதற்கு இல்லை, விற்பவர் தருவதுதான் வாரன்டி. செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லின் பெரிய ப்ராசஸர்கள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் அதிக வோல்டேஜால் நாளடைவில் கெடும் பிரச்சினையை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தமும் கூடுதலாக இரண்டு வருட வாரன்டியும் கொடுத்தது. திருத்தம் வருமுன் அது எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் பில்லும் மீதி வாரன்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஒரு தாள் போதும்

ஒரு தாளை எடுத்து, பாகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் முழு மாடல் பெயர், மூன்று கேள்விகளுக்கும் பதில், அந்தப் பதிலை எந்தக் கம்பெனிப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்ற குறிப்பு. பதில் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் ஒன்று இருக்கும்வரை பணம் கட்ட வேண்டாம். பொருள் வந்ததும் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வருமாறு வாங்குங்கள். போர்டு இந்த மாதம், ப்ராசஸர் அடுத்த மாதம் என்று பிரித்தால், சோதித்துப் பார்ப்பதற்குள் முதல் பொருளின் மாற்றும் காலம் முடிந்துவிடும்.

இந்தத் தாளைப் பிள்ளைகளையே நிரப்பச் சொல்லுங்கள் என்று பெற்றோர்களிடம் நான் வற்புறுத்துவதுண்டு. எதிர் ஃபிளாட் பையன் தன் பட்டியலை இரண்டாம் முறை தானே எழுதினான். எஃப் போனது, டிடிஆர்5 ரேம் வந்தது, கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பதிலாகத் தனியாக 550 வாட் ஒன்று வந்தது. போர்டின் எம்.2 அடிக்குறிப்பை எனக்கு முன்னால் அவன்தான் கண்டுபிடித்தான். இப்போது வகுப்பு நண்பர்கள் அவனிடம் கார்ட்டைக் காட்டுகிறார்களாம்.

பண்டிகை சேல் நாட்களில் ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் சப்போர்ட் பக்கம் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் சேலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தாளை முடித்துவிடுங்கள். போர்டுக்கும் ரேமுக்கும் தலா ஒரு மாற்று மாடலையும் பக்கத்தில் எழுதி, அவற்றையும் அதே மூன்று கேள்விகளால் சரிபார்த்து வையுங்கள். சேல் அன்றைக்குப் பார்க்க வேண்டியது விலை ஒன்றுதான் என்று ஆகிவிடும்.